பழைய முழங்கால் காயத்தோடு சைக்கிள் ஓட்டுவது: ஒரு தொடக்க அறிமுகம்

முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், எப்போதோ விழுந்த அடி வருடக்கணக்கில் விடாமல் துரத்துபவர்கள் என எல்லோருக்கும் மருத்துவர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், வேண்டுமானால் சைக்கிள் ஓட்டுங்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. சிலர் அந்தப் பேச்சை நம்பி வண்டியை எடுத்து, இரண்டே வாரத்தில் முழங்கால் வீங்கி, ‘சைக்கிளும் நமக்கு ஒத்துவராது’ என்று ஓரமாகச் சாய்த்துவிடுகிறார்கள். அதே மாதிரிப் பழுதுள்ள இன்னொருவர் வருடக்கணக்கில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். இருவரின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட, இருவரின் சீட் உயரத்தையும் கியரையும் பார்த்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

இதைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது? மடங்கிய நிலையில் எவ்வளவு அழுத்தம் வாங்குகிறது? அது எத்தனை முறை நடக்கிறது? நடக்கும்போதோ படி ஏறும்போதோ இவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது. உடம்பின் எடையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். சைக்கிளில் மூன்றுக்கும் தனித்தனியே வழி இருக்கிறது. மடக்கத்துக்குச் சீட் உயரமும் கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டு) நீளமும், அழுத்தத்துக்குக் கியர், எண்ணிக்கைக்குக் கடிகாரம். பழைய காயத்தோடு ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் இந்த மூன்றையும் நம் மூட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளக் கற்பதுதான்.

சைக்கிளில் சுமை ஏன் குறைவு

செயற்கை முழங்கால் மூட்டு பொருத்தும்போது, சிலருக்கு அவர்கள் சம்மதத்தோடு, உள்ளேயே உணரி (சென்சார்) வைத்த மூட்டைப் பொருத்தி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நடக்கும்போது, படி இறங்கும்போது, சைக்கிள் மிதிக்கும்போது மூட்டுக்குள் எவ்வளவு சுமை விழுகிறது என்பதை அப்படித்தான் நேரடியாக அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்கையும் தாண்டும். எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் இழுக்கும் இழுப்பும் சேர்ந்துகொள்வதால்தான் எடையைவிடச் சுமை கூடுகிறது. மிதமாகச் சைக்கிள் மிதிக்கும்போதோ அது கிட்டத்தட்ட உடல் எடை அளவுக்கே நிற்கிறது. உடம்பின் பெரும்பகுதி சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. காலுக்கு வருவது மிதிக்கும் வேலை மட்டும். தரையில் பாதம் மோதும் அதிர்ச்சியும் இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஊட்டம் மூட்டுத் திரவத்திலிருந்துதான் வரவேண்டும். அழுத்திவிட்ட பஞ்சு தண்ணீரை இழுத்துக்கொள்வது போல, சுமை ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய்வருகிறது. ஆடாமல் அசையாமல் வைத்திருக்கும் மூட்டு பாதுகாப்பாக இருப்பதில்லை, இறுகித்தான் போகிறது. தேய்மானம் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கிறது என்பார்கள். பத்து நிமிடம் லேசாக மிதித்தால் இளகிவிடுகிறது என்றும் அவர்களே சொல்வார்கள்.

சரி, சுமை இவ்வளவு குறைவு என்றால் வலி எங்கிருந்து வருகிறது? எண்ணிக்கையிலிருந்து. நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் அரை மணி நேரம் மிதித்தால், ஒவ்வொரு முழங்காலும் 2,400 முறை மடங்கி நிமிர்கிறது. சீட் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தால் அந்தத் தவறு 2,400 முறை திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு முறை செய்தால் உறைக்காத ஒன்று அப்படித்தான் வீக்கமாக முடிகிறது.

கியர்: வேகமாகச் சுற்றுங்கள், லேசாக மிதியுங்கள்

புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பெரிய கியரில் மெதுவாக மிதிப்பதுதான் ‘சிரமம் இல்லாதது’ என்று தோன்றும். கால் நிதானமாகச் சுற்றுகிறது, மூச்சு வாங்கவில்லை. முழங்காலுக்கு அது நேர் எதிர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சமதளத்தில் ஓரளவு சுறுசுறுப்பாக ஓட்ட 100 வாட் ஆற்றல் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் நீளம் வழக்கமான 170 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், பெடலில் விழ வேண்டிய சராசரி விசை சுமார் 9.5 கிலோ எடைக்குச் சமம். அதே வேகத்தில், சின்ன கியருக்கு மாற்றி 90 சுற்று மிதித்தால் அது 6.4 கிலோவாக இறங்கிவிடுகிறது. வண்டி போகும் வேகம் மாறவில்லை, செய்யும் வேலையும் மாறவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் உள்ள அழுத்தம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது சராசரிதான். உண்மையில் பெடல் முன்பக்கம் கிடைமட்டமாக வரும் இடத்தில் விசை இதைவிட அதிகமாகி உச்சத்துக்குப் போகும், அந்த உச்சமும் இதே போக்கில் குறையும். சுற்றுகள் கூடுவது உண்மைதான். ஆனால் பழுதான மூட்டு லேசான பல மிதிகளைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கனமான சில மிதிகளைத் தாங்காது.

அதற்காக முதல் நாளே 90 சுற்றைப் பிடிக்க வேண்டியதில்லை. பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேகத்தில் சீட்டில் குதிக்க ஆரம்பிப்பார்கள். 70இல் தொடங்கி 80-85 வரை வந்தாலே போதும். எண்ணிப் பார்க்க ஒரு வழி: வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து விநாடிக்கு எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80.

பெரிய கியரின் விலையை உலகமே பார்த்த கதை பெர்னார் இனோவுடையது. கனமான கியரை அழுத்தி மிதிப்பதில் பேர்போன இந்தப் பிரெஞ்சு வீரர், 1980இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னிலைக்குரிய மஞ்சள் சட்டையோடு இருக்கும்போதே முழங்கால் வலியால் விலகினார். 1983இல் மறுபடி முழங்கால் பிரச்சினை. அந்த வருடப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியவில்லை, அறுவை சிகிச்சை வரை போனது. பிறகு திரும்பி வந்து 1985இல் ஐந்தாவது முறையாக வென்றார் என்பது வேறு கதை. அவ்வளவு பலம் வாய்ந்த தொடைகள் இருந்தும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அதிக அழுத்தம் விழும் இடம் இன்னொன்று உண்டு, பலர் கவனிக்காதது: நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் இரண்டு மூன்று மிதி. நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு நிற்பது நல்ல பழக்கம். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வகை வண்டிகளில், நின்ற பிறகு கியர் மாற்ற முடியாது. பெடல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் மாறும். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே கியர் அடங்கிய வண்டிகளில் நின்றபடியும் மாற்றலாம். மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது ஒரு பெரிய வசதி. மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதைத் தொடக்கத்தில் மறந்துவிடுங்கள். போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

சீட் உயரம்

முழங்கால் வலியோடு வருபவரின் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் சீட் தாழ்வாகவே இருக்கும். காரணம் பயம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும் என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். அப்படி இறக்கினால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்க மடங்க முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துவதும் கூடும். தேய்மானம் உள்ளவர்களுக்கும் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்களுக்கும் மிக மோசமான நிலை அதுதான்.

சரியாக வைக்கும் முறை எளியது. ஓட்டும்போது போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, சீட்டில் நேராக உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும். ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. சரிந்தால் சீட் அதிக உயரம். குதிகால் பெடலில் இருக்கும்போதே முழங்கால் மடங்கியிருந்தால் தாழ்வு. இந்த அளவில் வைத்துவிட்டு, முன்பாதத்தைப் பெடலில் வைத்து வழக்கம்போல் மிதித்தால், அடிமட்டத்தில் முழங்கால் ஏறக்குறைய 25 முதல் 35 பாகை மடங்கி நிற்கும். அதுதான் வேண்டிய அளவு. இந்த உயரத்தில் சீட்டில் இருந்தபடி நின்றால் நுனிக்கால்தான் தரையைத் தொடும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழக வேண்டும்.

சீட் தண்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி அந்த உயரத்தைக் குறித்து வையுங்கள். இனி மாற்றினால் ஒரு தடவைக்கு சில மில்லிமீட்டர் மட்டும், அதுவும் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு. உயரம், முன்பின், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

வலி எங்கே வருகிறது என்பதும் ஒரு துப்பு. முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் கனம் என்று முதலில் சந்தேகிக்கலாம். பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சீட் உயரம் அதிகம். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் பாதம் பெடலில் இருக்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். இவை தொடங்கிப் பார்க்கும் இடங்கள் மட்டுமே, தீர்ப்பு அல்ல. பழைய காயம் உள்ள மூட்டு இந்தக் கணக்குக்கு அடங்காமலும் போகும்.

முழுச் சுற்று வராதவர்களுக்கு

ஒரு முழுச் சுற்று சுற்ற முழங்கால் ஏறக்குறைய 105-110 பாகை மடங்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் மூட்டு இறுகிப்போனவர்களுக்கும் அது வராது. பெடல் மேலே வரும்போது இடுப்பைத் தூக்கிச் சமாளிப்பார்கள். அது முதுகை வாங்கிவிடும். நிற்கும் சைக்கிளில் (ஒரே இடத்தில் நின்று மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்) பெடலை முழுதாகச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டிவிட்டு, மூட்டு இளக இளகப் பின்னோக்கி ஒரு முழுச் சுற்று, அப்புறம் முன்னோக்கி என்று பிசியோதெரபிஸ்ட்கள் கொண்டுபோவது இதற்காகத்தான்.

நிரந்தரமாகவே அவ்வளவு மடங்காது என்றால் குட்டைக் கிராங்க் இருக்கிறது. இதன் பலன் எதிர்பார்ப்பதைவிட இரட்டிப்பு. கிராங்கை 10 மில்லிமீட்டர் குறைத்தால், அடிமட்டத்தில் கால் நீட்டம் மாறாமல் இருக்கச் சீட்டையும் 10 மில்லிமீட்டர் உயர்த்துவோம். ஆகவே மேலே வரும் பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள இடைவெளி 20 மில்லிமீட்டர் கூடுகிறது, முழங்காலும் இடுப்பும் அந்த அளவுக்குக் குறைவாக மடங்குகின்றன. 170க்குப் பதில் 160, 150 நீளத்திலும் கிராங்க் கிடைக்கிறது. ஒரு கால் மட்டும் மடங்காதவர்களுக்கு, அந்தப் பக்கக் கிராங்கில் மட்டும் பெடலை உள்ளே தள்ளிப் பொருத்தும் துணைப்பாகமும் உண்டு. கிராங்க் குட்டையானால் நெம்பு குறைந்து அதே கியர் சற்றுக் கனமாகத் தெரியும். ஒரு கியர் இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

பாதத்தைப் பெடலோடு பூட்டிவிடும் ஷூக்களைத் தொடக்கத்தில் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தட்டைப் பெடலில் பாதம் தனக்குப் பிடித்த கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். பூட்டு ஷூவை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் முறுக்க வேண்டும். மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) கிழிந்தவர்களுக்கும் உள்பக்க ஜவ்வு காயப்பட்டவர்களுக்கும் ஆகாத அசைவு அதுவே.

ஏறி இறங்குவதும் இதில் சேர்த்தி. வண்டியின் இடப்பக்கம் நின்று வலது காலை வீசி ஏறுபவர்கள், அந்த நேரத்தில் மொத்த எடையையும் இடது முழங்காலில் வைத்துத் திருப்புகிறார்கள். இடது முழங்கால் பழுதானவர்கள் வலப்பக்கம் நின்று ஏறிப் பழகலாம். சில நாள் தடுமாற்றம், அவ்வளவுதான். குறுக்குக் கம்பி இல்லாத, காலை முன்னாலேயே நுழைத்து ஏறும் வண்டி இருந்தால் இந்தப் பாடே இல்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு அது வசதி என்பதைவிடத் தேவை.

எவ்வளவு வலி பரவாயில்லை

வலியே இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று காத்திருந்தால் நாள்பட்ட காயம் உள்ளவர் வண்டியைத் தொடவே முடியாது. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதும் வேலைக்கு ஆகாது. நடைமுறையில் உதவுவது மறுநாள் காலைக் கணக்கு. ஓட்டும்போது லேசாக வலிக்கலாம், ஓட்ட ஓட்டக் கூடிக்கொண்டே போகக் கூடாது. மறுநாள் காலையில் மூட்டு ஓட்டுவதற்கு முன் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் அளவு சரி. கூடுதல் வலியோ வீக்கமோ விறைப்போ மிச்சமிருந்தால், அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள் அல்லது கியரைக் குறையுங்கள்.

வீக்கத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே, தொடையின் முன்பக்கத் தசையை உடம்பு தன்னிச்சையாக அடக்கிவைத்துவிடும். மனவுறுதி இங்கே செல்லாது. முழங்காலைத் தாங்க வேண்டிய தசை வேலை செய்யாத நேரத்தில் அதன்மேல் சுமை ஏற்றுவது நஷ்டம்தான். வீங்கிய நாளில் ஓய்வு, அல்லது அழுத்தமே இல்லாமல் சும்மா சுற்றுவது.

தொடங்குவதற்கு, மேடு பள்ளம் இல்லாத பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். அரை மணி, முக்கால் மணி வசமான பிறகு வேகம், மேடு. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். போகும்போது சுகமாக இருக்கும், பாதி வழியில்தான் மூட்டு முனகும். திரும்பியும் வந்தாக வேண்டும். ஆரம்ப வாரங்களில் ஒரே திசையில் தூரமாகப் போகாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது புத்திசாலித்தனம்.

காயத்துக்குக் காயம் வேறுபடும்

முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு (ACL) சீரமைத்தவர்களுக்கு நிற்கும் சைக்கிளைச் சீக்கிரமே அனுமதிப்பது வழக்கம். சைக்கிள் மிதிக்கும்போது அந்த ஜவ்வில் விழும் இழுப்பு மிகக் குறைவு. வெளியே சாலையில் ஓட்டுவது வேறு விஷயம்: திடீரென்று நிறுத்தி, காலை ஊன்றி, உடம்பு திரும்பினால் ஜவ்வுக்கு ஆபத்து. எப்போது வெளியே போகலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்கள் மூட்டு சூடாகிச் சிவந்திருக்கும் நாட்களில் விட்டுவிட்டு, அடங்கிய நாட்களில் ஓட்டலாம்.

கணுக்கால் அசையாதவர்கள் பெடலை முன்பாதத்துக்குப் பதில் நடுப்பாதத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கேற்பச் சீட்டைச் சற்று இறக்க வேண்டிவரும். மணிக்கட்டும் கைவிரல் மூட்டும் வலிப்பவர்களுக்கு ஹேண்டில்பாரை உயர்த்தி அருகே கொண்டுவருவதே பாதி வைத்தியம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கையின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மின்சார உதவியுள்ள சைக்கிள் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டுக் காயம் உள்ளவருக்கு அது மேட்டையும் கிளம்பும் நேரத்தையும் சமன்செய்யும் கருவி, கூச்சப்பட ஒன்றுமில்லை. வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். மிதிக்கும் விசையை உணர்ந்து உடனே உதவும் மோட்டாரும் இருக்கிறது, பெடல் சற்றுச் சுற்றிய பிறகே விழித்துக்கொள்ளும் மோட்டாரும் இருக்கிறது. இரண்டாவது வகையில் முதல் மிதி முழுக்க உங்கள் முழங்கால் தலையில்தான். சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் சொர்க்கம். ஆனால் முதுகுச் சாய்வில் உந்திக்கொண்டு அளவுக்கு மீறி மிதிக்க முடியும் என்பதால், அதிலும் கியரைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

சைக்கிள் கொடுக்காத இரண்டு உண்டு. உடல் எடையைத் தாங்காததால் எலும்பை உறுதியாக்காது. கால் முன்னும் பின்னும் மட்டுமே போவதால், முழங்கால் உள்பக்கம் சரியாமல் பிடிக்கும் இடுப்புப் பக்கத் தசைகளுக்கு அதிக வேலை கொடுக்காது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் சைக்கிள் வந்ததும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் காரியம். நிறுத்தாதீர்கள்.

அப்புறம், சில அறிகுறிகளைச் சீட் உயரத்தை மாற்றித் தீர்க்கப் பார்க்கக் கூடாது. முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராமல் போவது, நிற்கும்போது திடீரென்று மடிந்து கைவிடுவது, காய்ச்சலோடு மூட்டு சூடாக வீங்குவது, படுத்திருக்கும்போதும் விடாத இரவு வலி ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டியவை. அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதற்கு மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.